வாட் கணக்கும் வீட்டுக் கணக்கும்

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரின் பின்பக்கத்தை ஒரு முறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

மாஹிம் ஸ்டேஷனில் ஸ்லோ ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் கிராண்ட் ரோடு. கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் லாமிங்டன் ரோடு வந்துவிடும். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர்ப்பலகை சொன்னாலும் அப்படிக் கேட்டு வழி விசாரிப்பவர்கள் குறைவு. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படி மும்பைக்கு இந்தத் தெரு. ரெசிஸ்டரிலிருந்து ரிசீவர் வரை எல்லாம் கிடைக்கும். தீபாவளி போனஸ் கைக்கு வரும் நாட்களில் மாஹிம், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளின் தமிழ்க் குடும்பஸ்தர்களும் இங்கே தென்படுவார்கள். கடைக்குள் நுழைந்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை வாட்?"

விற்பவருக்கு இதைவிட வசதியான கேள்வி கிடையாது. எந்த எண்ணை வேண்டுமானாலும் பதிலாகச் சொல்லலாம். ஒரே பெட்டியை ஆயிரம் வாட் என்றும் சொல்லலாம், ஐம்பது வாட் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் ஏதாவது ஒரு கணக்கு கைவசம் இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. நம்மிடம் இருக்கும், அல்லது வாங்கப்போகும் ஸ்பீக்கர் எத்தனை ஓம்? ஒரு வாட் கொடுத்தால் அது எத்தனை டெசிபல் சத்தம் தரும்? இந்த இரண்டுக்கும் விடை கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கால் அளவு தெரியாமல் செருப்புக் கடைக்குப் போகிறவர் யாரும் இல்லை. ரிசீவர் விஷயத்தில் மட்டும் படித்தவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

ரிசீவர் என்ற பெயரே கொஞ்சம் திசை திருப்புவது. 'ஏற்பி' என்று தமிழ்ப்படுத்தினால் எதை ஏற்கிறது என்ற கேள்வி வரும். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே ரேடியோவையும் சேர்த்து விற்ற காலத்தில் வைத்த பெயர் அது. ரேடியோ இன்றும் பல மாடல்களில் ஒரு மூலையில் உண்டு, கேட்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். இப்போது அதன் முக்கிய வேலை இரண்டு. டிவியிலிருந்தோ செட்டாப் பாக்ஸிலிருந்தோ வரும் ஒலியை முன், பின், நடு எனப் பிரிப்பது ஒன்று. பிரித்ததைப் பெருக்கி ஸ்பீக்கர்களை ஓட்டுவது இன்னொன்று. முதல் வேலையை இன்று எல்லா ரிசீவரும் ஏறக்குறைய ஒழுங்காகவே செய்துவிடும். வம்பு வருவதெல்லாம் இரண்டாவதில்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. தியேட்டர்களுக்கு டால்பி டிஜிட்டல் 1992-லும் டிடிஎஸ் 1993-லும் வந்தன. தமிழில் 1995-ல் குருதிப்புனல் டால்பி ஒலியோடு வெளியானது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் அரோரா தியேட்டரில் ரஜினி படம் பார்த்து வளர்ந்த தலைமுறை, 2000-க்குப் பிறகு அந்தச் சத்தத்தை வீட்டுக்கே கொண்டுவர விரும்பியது. அப்போது கைகொடுத்தது 'ஒரே பெட்டியில் ஹோம் தியேட்டர்'. ஒரு டிவிடி பிளேயர், ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். ஆம்ப்ளிஃபயர் பிளேயருக்குள்ளேயே இருக்கும்.

பத்து, பதினைந்து வருடத்தில் பிளேயர் கண்ணை மூடிவிடுகிறது. டிவிடியும் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் ஸ்பீக்கர்கள் கல்லுக்குண்டாய் இருக்கின்றன. ரிசீவரை மட்டும் புதிதாக வாங்கி இவற்றோடு இணைத்துவிடலாம் என்ற யோசனை எந்தச் சிக்கன மனிதருக்கும் வரும். பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அந்தக் குட்டி ஸ்பீக்கர்களைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் 3 ஓம் அல்லது 4 ஓம் என்று அச்சடித்திருக்கும். புதிய ரிசீவரின் பின்பக்கம் ஸ்பீக்கர் வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், '6 முதல் 16 ஓம்' என்பது போல ஒரு வரி இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை. ஆனால் வயரைச் சொருகினால் பாட்டு வரும், படமும் ஓடும். மெதுவாகக் கேட்கிற வீட்டில் வருடக்கணக்கில்கூட ஓடலாம். அதனால்தான் "எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எப்போதும் கிடைப்பார். கிளைமாக்ஸ் சண்டையில் சத்தத்தை ஏற்றும்போது ரிசீவர் 'டக்' என்று அணைந்து, முகப்பில் ஒரு விளக்கு மினுக்கும். அது தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு சரியில்லாத பெட்டியாக இருந்தால் டிரான்சிஸ்டர்கள் கருகும்.

பாடப்புத்தகங்கள் மின்மறுப்பு என்று சொல்வதை லாமிங்டன் ரோட்டில் வெறுமனே ஓம் என்பார்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை நினைத்துக்கொண்டால் போதும். தொட்டியின் உயரம் வோல்ட். குழாயின் குறுகல் ஓம். குழாய் அகலமானால் தண்ணீர் அதிகம் பாயும். ரிசீவர் 20 வோல்ட்டை வெளியே தள்ளுகிறது என்றால் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டரை ஆம்பியர் கரண்ட் இழுக்கும். அது 50 வாட். அதே 20 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும்; 100 வாட். ஓம் குறையக் குறைய லாபம்தானே என்று தோன்றும். அந்த 5 ஆம்பியரை ரிசீவருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் டிரான்சிஸ்டர்களும் தர முடிந்தால்தான் லாபம். முடியாவிட்டால் சூடு.

போதாக்குறைக்கு, ஓம் என்பது நிலையான எண்ணும் அல்ல. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஒரு சுருதியில் 30 ஓம் காட்டும், இன்னொன்றில் 6.5-க்கு இறங்கும். எழுதிய எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சர்வதேசத் தரவிதி இருக்கிறது. எல்லாத் தயாரிப்பாளரும் அதை மதிப்பதில்லை.

ஆகவே நடைமுறையில் விதி எளிது. ரிசீவரின் முதுகில் போட்டிருக்கும் மிகக் குறைந்த ஓமை விட ஸ்பீக்கரின் ஓம் கீழே இருக்கக் கூடாது. 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர், 4 ஓம் என்று வெளிப்படையாக எழுதிய ரிசீவரைத்தான் தேட வேண்டும். 3 ஓம் குட்டி ஸ்பீக்கர்களை விட்டுவிடுவதே நல்லது. அவை தங்கள் சொந்தப் பெட்டிக்கென்று பிறந்தவை. சில ரிசீவர்களின் மெனுவில் ஓமைக் குறைத்து வைக்கும் வசதி உண்டு. அது உள்ளே மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டை அடக்கும் ஏற்பாடு. சக்தியைக் கூட்டும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஹாலில் இரண்டு ஸ்பீக்கர், சமையலறையில் இரண்டு என்று ஒரே இணைப்பில் நான்கைச் சேர்க்கிற வழக்கமும் இருக்கிறது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் ரிசீவர் கண்ணுக்கு அது 4 ஓம். 6 ஓம் ஸ்பீக்கர்கள் என்றால் 3.

ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால்? சில நூறு ரூபாய் மல்ட்டிமீட்டர் போதும். வயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் வைத்தால், 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஆறரை என்று காட்டும்; 6 ஓம் ஸ்பீக்கர் ஐந்தை ஒட்டி; 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றிலிருந்து மூன்றரை. மீட்டர் அளப்பது வெறும் கம்பிச் சுருளின் தடையை என்பதால் எழுதிய எண்ணைவிட எப்போதும் குறைவாகவே வரும்.

இனி வாட். 1990-களில் இந்தியாவில் டேப் ரெக்கார்டர் வாங்கிய எவரும் பி.எம்.பி.ஓ. என்ற நான்கெழுத்தை மறந்திருக்க முடியாது. கைக்கு அடக்கமான பெட்டி மேல் 1000 வாட், 2000 வாட் என்று தங்க எழுத்தில் மின்னும். கண்ணிமைக்கும் நேரத்தின் ஒரு பகுதியில் அது எட்டக்கூடும் என்று தயாரிப்பாளர் கருதிய எண் அது. அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. இந்த ஆசை நம் ஊருக்கு மட்டும் உரியது என்று தலைகுனிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் இதே பித்தலாட்டம் தாங்காமல்தான் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 1974-ல் ஆம்ப்ளிஃபயர் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. ஐம்பது வருடம் கழித்து, 2024-ல், அதை மறுபடி திருத்தி இறுக்க வேண்டியிருந்தது.

இன்றைய ரிசீவர் பெட்டிகளில் பொய் இவ்வளவு அப்பட்டமாக இருக்காது. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். ஒரே ரிசீவருக்கு '140 வாட், 6 ஓம், ஒரு சானல், 10 சதவீத சிதைவு' என்றும் போடலாம். '70 வாட், 8 ஓம், இரண்டு சானல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீத சிதைவு' என்றும் போடலாம். இரண்டும் உண்மைதான். இரண்டாவதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். பத்து சதவீத சிதைவு என்றால் பாடகி தொண்டை கட்டிப் பாடுவதுபோல் கேட்கும். ஐந்து சானலும் ஒரே நேரத்தில் முழங்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இன்னும் குறையும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். ஒரே விலையில் இரண்டு ரிசீவர் இருந்தால் இரண்டையும் தூக்கிப் பாருங்கள். கனமானது பெரும்பாலும் நேர்மையானது.

சரி, எத்தனை வாட்தான் வேண்டும்? இதற்கு அறையை அளக்க வேண்டும். மாஹிமில் கடலைப் பார்த்த பெரிய ஃபிளாட்டுகளும் உண்டு. ஆனால் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தாராவி எல்லையை ஒட்டி, ஒன் ரூம் கிச்சன்தான் அதிகம். குடிசை மறுவாழ்வுத் திட்ட வீடுகளின் அளவு 225 சதுர அடியில் தொடங்கி 269 ஆகி, பிறகு 300 ஆனது. இவற்றில் படம் பார்க்கிற அறை பத்துக்குப் பன்னிரண்டு இருந்தால் பெரிது. டிவியிலிருந்து சோபா இரண்டரை மீட்டர்.

ஸ்பீக்கரின் சுறுசுறுப்பைச் சொல்வது உணர்திறன் என்ற எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. வீட்டு ஸ்பீக்கர்கள் 82-லிருந்து 92 வரை இருக்கும். பத்து டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும், பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு. கோயில் கொடையில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். முப்பது வாட்டில் ஊரையே எழுப்பிவிடும். அதன் உணர்திறன் நூறு டெசிபலுக்கு மேல். இனிமையை விலையாகக் கொடுத்து வாங்கிய சத்தம் அது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கர் 88 டெசிபல். இரண்டரை மீட்டர் தூரத்தில் 8 டெசிபல் குறைந்து 80 ஆகும். சுவர்கள் திருப்பித் தருவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் படம் பார்க்கையில் வசனம் 70 டெசிபலை ஒட்டியும், குண்டு வெடிக்கும் நொடிகளில் 90-ம் இருந்தால் தாராளம். 80-லிருந்து 90-க்கு ஏற வேண்டும், பத்து மடங்கு, பத்து வாட். அவ்வளவுதான். ஸ்பீக்கர் 82 டெசிபல் குட்டியாக இருந்தால் நாற்பது வாட். தியேட்டர்களுக்கான அளவுகோல்படி உச்ச சத்தம் ஒரு சானலுக்கு 105 டெசிபல். அதை அப்படியே வீட்டில் கேட்க நினைத்தால் இதே 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 300 வாட்டுக்கு மேல் வேண்டும். கூடவே வேறு வீடும் பார்க்க வேண்டியிருக்கும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 45.

எனவே பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, 86 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கரும், 8 ஓமில் நேர்மையாக 50, 60 வாட் தரும் ரிசீவரும் வேண்டியதைவிடவே அதிகம். இதற்கு மேல் வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் காதுக்குத் தெரியும்.

சக்தி குறைந்த ரிசீவர் ஸ்பீக்கருக்குப் பத்திரம் என்ற நம்பிக்கையும் தவறு. குறைந்த சக்தி ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முறுக்கும்போது ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, அதில் பிறக்கும் கூர்மையான சுருதிகள் நேரே ட்வீட்டருக்குப் போகின்றன. முதலில் போவது ட்வீட்டர்தான். 100 வாட் தாங்கும் என்று எழுதிய ஸ்பீக்கர், தலைவெட்டப்பட்ட 30 வாட்டில் கருகுவது ரிப்பேர் கடைகளில் அன்றாட விஷயம்.

பழைய ஸ்பீக்கர்களைத் தூக்கிப் போடும் முன் இன்னொரு யோசனை. சோனோடைன், காஸ்மிக் போன்ற இந்தியப் பெயர்கள் தாங்கிய பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இன்னும் பல வீடுகளில் துணி போர்த்தி நிற்கின்றன. சோர் பஜாரிலும் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர்கள் இருபது, முப்பது வாட்டுக்கு மேல் தராத காலத்தில் செய்தவை என்பதால் பலவற்றின் உணர்திறன் நன்றாகவே இருக்கும். 8 ஓம் என்றால் புதிய ரிசீவர்களோடு ஒத்துப்போகும். முன்பக்கத்து இரண்டுக்கு இவை போதும்.

ஒன்று மட்டும் சோதிக்க வேண்டும். வூஃபரின் காகிதக் கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பு ஸ்பாஞ்சா, ரப்பரா? ஸ்பாஞ்ச் விளிம்பு பத்து, பதினைந்து வருடத்தில் தானே உதிரும். மாஹிம் போன்ற கடலோரத்து ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். விரலால் லேசாகத் தொட்டால் பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ வந்தால் விளிம்பை மாற்றாமல் ரிசீவரோடு இணைக்கக் கூடாது. ரப்பரும் துணியும் நீடிக்கும். ஒரு பென்சில் பேட்டரியை நொடி நேரம் வயரில் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும்; உள்ளே போனால் நேர், எதிர் முனை மாறியிருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். ரிசீவர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள்.

சானல் எண்ணிக்கையிலும் கடைக்காரர் மேலே மேலே இழுப்பார். தியேட்டர்களுக்கு 2012-ல் வந்த டால்பி அட்மாஸ் 2014-ல் வீட்டு ரிசீவர்களுக்கும் வந்துவிட்டதால் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று போகிறது. சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கிற வீட்டில் பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கரை எங்கே வைப்பது? ஒன்பது சானலின் விலையில் நல்ல ஐந்து சானல் கிடைக்கும். நடு ஸ்பீக்கரைக் கழிக்க வேண்டாம். வசனம் அதில்தான் வருகிறது. தமிழ்ப் படத்தில் வசனம் புரியாவிட்டால் மீதி நான்கு எதற்கு?

தனியே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சப்வூஃபர் இருந்தால் ரிசீவருக்கு நிம்மதி. மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களை 'சிறியது' என்று குறித்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் சப்வூஃபருக்கு அனுப்பிவிடலாம். ரிசீவரைத் திணறடிப்பது அந்தக் கனத்த பேஸ்தான். கான்கிரீட் தளம் வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்குவதும் அதுதான் என்பதால், சப்வூஃபருக்கு அடியில் கனத்த ரப்பர் தேவை. ரிசீவரின் 'நைட் மோட்' வெடிச் சத்தத்தை அடக்கி வசனத்தைத் தூக்கும். பலர் வாங்கிய நாள் முதல் தொடாத பொத்தான் அது.

மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ரிசீவர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் அன்றோடு சரி. கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கம்பெனி உத்தரவாதம் இங்கே பெரும்பாலும் செல்லாது. துபாயிலிருந்து வருவதில் வோல்ட் தொல்லை இல்லை. டிவியோடு ஒரே கேபிளில் ஒலி போய்வர எச்டிஎம்ஐ-யில் 'ஏஆர்சி' என்ற எழுத்து இரண்டு பெட்டியிலும் இருக்கிறதா பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கர் வயர் வாங்கும்போது ஒரு நுனியைப் பிளேடால் சுரண்டுவதற்கு வெட்கப்படக் கூடாது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். தடை கூடுதல், கடற்காற்றில் முனைகள் சீக்கிரம் பூத்துப்போகும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு வயரில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கண்ணாடி ஷோகேஸுக்குள் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ரிசீவரைப் பூட்டி வைப்பதும் வேண்டாம். மேலே நான்கைந்து அங்குலம் திறந்த இடம் விட வேண்டும். மழைக்காலத்தில் படம் பார்க்காவிட்டாலும் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது, ரிலே முனைகளில் களிம்பும் ஏறாது.